விருந்தாளி வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்

என் மனைவியும் மகளும் மருமகனும் ஒன்பது வயதுப் பேரனும் எட்டு நாள் என்னோடு இருந்துவிட்டுப் போக யாழ்ப்பாணம் வருகிறார்கள் என்று சொன்னபோது, நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான அக்கா என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். அவர்கள் மச்சம் சாப்பிடுவார்களா, சைவமா என்பது முதற்கேள்வி. யார் யார் எந்த அறையில் படுப்பது என்பது இரண்டாவது. அதற்கு முந்தைய நாள்தான் நகரத்தில் ஒரு விடுதியில் இரண்டு அறைகளுக்கு முன்பணம் கட்டியிருந்தேன். அதைச் சொல்ல வாய் வராமல், யோசித்துச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு வாசிகசாலைக்குக் கிளம்பிவிட்டேன்.

நான் சிதம்பரத்துக்காரன், ஒரு கல்லூரி நூலகத்தில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெல்லிப்பழைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்தில், மூட்டை மூட்டையாகக் கிடந்த பழைய நூல்களையும் மலர்களையும் தூசி தட்டி, வகைப்படுத்தி, பட்டியல் போட்டுக் கொடுப்பதற்காக ஓர் ஆண்டுக்கு மேல் இங்கே தங்கிச் சம்பளமின்றி வேலை செய்ய ஒப்புக்கொண்டு வந்தேன். சனசமூக நிலையம் என்பது தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமில்லாத பெயராக இருக்கலாம். ஊர்மக்கள் தாங்களே கூடி நடத்தும் பொதுமன்றம் அது. பத்திரிகை படிக்கும் வாசிகசாலையும், சில ஊர்களில் பாலர் பாடசாலையும் விளையாட்டுக் கழகமும் அதையொட்டியே இருக்கும். சுற்றுலா விசாவில் வந்து இப்படிப்பட்ட வேலையைச் செய்ய முடியாது என்பதால், அழைத்தவர்கள் கடிதம் கொடுத்து எனக்கு வதிவிட விசா எடுத்துத் தந்தார்கள். அக்கா ஒரு சிறு தொகையை வாடகையாக வாங்கிக்கொண்டு ஓர் அறையையும் மூன்று வேளை உணவையும் தந்தார். கேட்டால் அந்தத் தொகையையும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை.

பத்து மாதமாக அந்த வீட்டில் நான் விருந்தாளி. விருந்தாளிக்குத் தன் வீடு என்று ஒன்று அந்த ஊரில் இல்லை. ஆகவே அவனுக்கு விருந்தினர் வந்தால் அவர்களை எங்கே உட்கார வைப்பது, யார் வீட்டு அரிசியைப் பொங்கிப் போடுவது என்பதெல்லாம் அவன் கையில் இல்லை. வெளிநாட்டுக்குப் போய்த் தொண்டு செய்கிறவர்கள் தங்கள் குடும்பத்தை அழைப்பதற்குமுன் விசாவைப் பற்றியும் பயணச்சீட்டைப் பற்றியும் வேண்டிய மட்டும் விசாரிக்கிறார்கள். இந்தச் சிக்கலைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

விடுதி விஷயம் இரண்டு நாளில் எப்படியோ அக்காவின் காதுக்குப் போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. காலையில் இடியப்பத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "ஏன் ஐயா, எங்கட வீட்டில இடமில்லையோ? வீட்டுக்கு வாற சனத்தை ஹோட்டலில விட்டுட்டு நான் எப்பிடி ஊருக்குள்ள முழிக்கிறது?" என்றார். ஒரு பதிலும் இல்லாமல் சொதியை ஊற்றிக்கொண்டேன். மனைவிக்கு அன்றிரவு தொலைபேசியில் இதைச் சொன்னபோது அக்கா குறுக்கே புகுந்து, தொலைபேசியை வாங்கி, "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, ஆறுதலா வாங்கோ" என்றார். நம் ஊரில் ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்கிற சொல். தொலைபேசி என் கைக்கு வந்ததும் மனைவி குரலைத் தாழ்த்தி, "அங்க யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். அவசரப்படாமல் வாருங்கள் என்பதுதான் அதன் பொருள் என்று விளக்குவதற்குள் அழைப்பு துண்டித்துவிட்டது. முன்பணத்தில் பாதி போனது போனதுதான்.

என்ன கொண்டுவர வேண்டும் என்று அக்காவிடம் நான் கேட்டு, மனைவிக்குச் சொல்லியிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சிதம்பரத்துத் திருநீறு. யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்குத் தில்லை எத்தகைய ஊர் என்பது இங்கே வந்து இருந்து பார்த்தால்தான் விளங்கும். வண்ணார்பண்ணையில் பாடசாலையும் அச்சுக்கூடமும் நிறுவிய ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அந்தக் காலத்திலிருந்தே கடலின் இரு கரைக்கும் நடுவே போக்குவரத்து இருந்திருக்கிறது. நான் சிதம்பரத்துக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக முதல் வாரத்திலேயே எனக்கு இரண்டு வீடுகளில் சாப்பாடு கிடைத்தது. கோயிலுக்கு நான் ஆண்டுக்கு எத்தனை முறை போகிறேன் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. திருநீற்றைத் தவிர வேறு எதையும் வாங்கி வராதே என்று மனைவியிடம் மூன்று முறை சொன்னேன். அவள் மூன்று முறையும் சரி என்றாள்.

மே மாதக் கடைசியில் அவர்கள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தார்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போவதைவிட நாகப்பட்டினத்துக்குப் போவது எளிது. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலத்தை முன்னிட்டு நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கிய சேவை இது. காங்கேசன்துறைக்கு வந்துசேர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிறது. கப்பலின் பெயர் சிவகங்கை. சிதம்பரம் கோயில் திருக்குளத்தின் பெயரும் அதுவே என்பதால் என் மனைவி அதைச் சகுனமாகவே எடுத்துக்கொண்டாள். பேரன் மட்டும் அந்தச் சகுனத்தைப் பொருட்படுத்தாமல் இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறான். துறைமுகத்தில் சுங்கச் சோதனை முடிந்து அவர்கள் வெளியே வந்தபோது, அவளுடைய பையின் வடிவத்தைப் பார்த்தே அதில் திருநீறு மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுப் படலையில் அக்கா நின்றார். பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர். சைக்கிளில் வந்து நின்ற வாசிகசாலைப் பெடியன்கள் இருவர். "வாங்கோ, வாங்கோ, களைச்சுப் போனியள்" என்று பேரனின் முகத்தைத் துடைத்துவிட்டு, முதலில் எல்லோரையும் கிணற்றடிக்கு அழைத்துச்சென்று முகம் கழுவ வைத்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீர்தான் கிணற்று நீர். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி கயிறாகும். மருமகன் அரை மணி நேரம் நுரையைத் தேடிக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான், ஆனால் எந்தப் பொருளின் விலையைக் கேட்டாலும் அதை மூன்றரையால் வகுத்து இந்திய ரூபாயில் சத்தமாகச் சொல்லும் பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது. இங்கே ஒருவருடைய ஒரு நாள் கூலியை நம் ஊர்ப் பணத்துக்கு மாற்றிச் சொல்வது எவ்வளவு அநாகரிகம் என்பதை நான் தனியே அழைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு மனத்துக்குள் வகுத்துக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது.

மகளுக்கும் மருமகனுக்கும் ஓர் அறை, மனைவிக்கும் பேரனுக்கும் என் அறை, எனக்கு விறாந்தையில் சாக்குக் கட்டில் என்று அக்கா ஏற்பாடு செய்திருந்தார். வீட்டில் மொத்தம் இரண்டே அறைகள் என்பது எனக்குத் தெரிந்திருந்தும், மகளுக்குக் கொடுத்த அறை யாருடையது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, சாமியறையில் பாய் விரித்து அக்கா படுத்திருந்ததைக் கண்டேன். 68 வயது, முழங்காலில் வாதம். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, "இஞ்ச நல்ல குளிர்ச்சி" என்றார்.

சாப்பாட்டைப் பற்றி நான் நீட்டி எழுதினால் இந்தப் பதிவு அதிலேயே முடிந்துவிடும். காலையில் பிட்டோ இடியப்பமோ, தேங்காய்ச் சம்பல், சொதி. மதியம் குத்தரிசிச் சோறும் ஐந்து வகைக் கறியும். மருமகன் மச்சம் சாப்பிடுகிறவன் என்று தெரிந்ததால் அவனுக்கு மட்டும் வெளி அடுப்பில், வறுத்தரைத்த தூள் போட்டு நண்டுக் கறி. ஒரு நாள் ஊர்ப்பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வைத்து ஒடியற்கூழ் காய்ச்சினார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் போட்டுச் செய்கிற அந்தக் கூழை மருமகன் பலா இலையில் கோலிக் குடித்த அழகை அவர்கள் வீட்டார் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் மற்ற நால்வரும் சைவம் என்பதால் எங்களுக்கு மீன் சேர்க்காமல் தனிப்பானை. "வடிவாச் சாப்பிடுங்கோ" என்று ஒவ்வொரு வேளையும் சொல்வார். பத்து மாதமாக நான் சாப்பிட்டு வந்ததோ ஒரு கறியும் ஒரு சொதியும். அந்த வித்தியாசத்தின் விலை என்ன என்று எனக்கு முதல் மூன்று நாள் உறைக்கவில்லை. நல்ல சாப்பாடு மனிதனை மந்தமாக்கிவிடுகிறது.

உறைக்க வைத்தவன் பேரன். அக்காவோடு முச்சந்திக் கடைக்குப் போய்வந்தவன், "தாத்தா, கடையில காசே குடுக்க வேணாம், கொப்பியில எழுதிக்கிறாங்க" என்று பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னான். குறிப்பேட்டை இங்கே கொப்பி என்பார்கள். அந்தச் சொல்லை அவன் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தான். அக்காவுக்கு வருமானம் என்று பார்த்தால் கொஞ்சம் தோட்டக் காணி, சில தென்னைகள், வெளிநாட்டிலிருக்கும் மகன் எப்போதாவது அனுப்பும் தொகை, நான் கொடுக்கும் வாடகை. 2022 நெருக்கடியில் ஏறிய விலைவாசி அப்படியே உயரத்தில்தான் நிற்கிறது. (இதை எழுதலாமா என்று அக்காவிடமே கேட்டேன். முதலில் "சீ, கொப்பிக் கதையை எழுதாதேங்கோ" என்றார். பத்து நிமிடம் கழித்து வந்து, "எழுதுங்கோ, அதுதான் கட்டியாச்சே" என்றார்.)

அன்று மாலையே கடைக்குப் போனேன். கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள், நான் கட்டிவிடுகிறேன், அவருக்குத் தெரிய வேண்டாம் என்றேன். கடைக்காரர் கொப்பியைத் திறக்கவே இல்லை. "ஐயா, நான் உங்களிட்ட வாங்கினால் அக்கா என்னைப் பேசுவா" என்றார். பேசுவா என்றால் திட்டுவார் என்று பொருள். இங்கே உரையாடுவதற்குக் கதைப்பது என்று சொல்ல வேண்டும். அதை அறியாமல் என் மனைவி முதல் நாளே, பக்கத்து வீட்டு அம்மா தன்னிடம் ஒரு மணி நேரம் பேசினார் என்று அக்காவிடம் மகிழ்ச்சியோடு சொல்லி, இரண்டு வீட்டுக்கும் சண்டை மூட்டப் பார்த்தாள். கடைக்காரர் எனக்கு ஒரு பிளேன்ரீ ஊற்றித் தந்து, அதற்கும் காசு வாங்காமல் அனுப்பினார்.

இதற்கிடையில் மனைவியின் பையிலிருந்து இரண்டு பட்டுச்சேலைகள் வெளியே வந்தன. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் அவள் என் மனைவியாக இருக்க மாட்டாள் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அக்கா சேலைகளைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை அவரைக் காணவில்லை. மதியம் பேருந்தில் வந்து இறங்கினார். கையில் பேரனுக்குக் காற்சட்டையும் சட்டையும், மகளுக்கு ஒரு சேலை, மருமகனுக்குக் கரை போட்ட வேட்டி. யாழ்ப்பாணம் நகரத்துக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். அந்தக் கடையில் கொப்பி இருக்க வாய்ப்பில்லை; கையிலிருந்த பணத்தைத்தான் கொடுத்திருக்க வேண்டும். நாம் அன்போடு கொடுக்கிற பொருள் வாங்குகிறவருக்குக் கடனாக மாறும் என்பதைத் தொண்டு நிறுவனத்துப் பயிற்சிகளில் விரிவுரையாகவே சொல்வார்கள். நான் அப்படி எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. என் மனைவிக்கோ விரிவுரை தேவைப்படவில்லை. அந்த வேட்டியைப் பார்த்த கணத்திலேயே அவள் முகம் மாறிவிட்டது.

வழியைக் கண்டுபிடித்தவளும் அவளே. அன்றிரவு அக்காவிடம் போய், "எங்க ஊரு சமையலை நீங்க சாப்பிட்டுப் பார்க்கணும் அக்கா, ரெண்டு நாள் அடுப்பை எனக்குக் குடுங்க" என்று கேட்டாள். அக்கா தயங்கினார். விருந்தாளியை அடுப்படியில் விடுவது அவருக்குச் சம்மதமில்லை. ஆனால் சிதம்பரத்துச் சமையல் என்ற சொல்லுக்கு ஒரு வலு இருந்தது. மறுநாள் இருவரும் சுன்னாகம் சந்தைக்குப் போனார்கள். என்னுடைய சமையலுக்கு என்னென்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பது எனக்கல்லவா தெரியும் என்று சொல்லிச் சொல்லி, மனைவி அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், புளி, கொத்தமல்லி என்று மூட்டையாக வாங்கி முச்சக்கர வண்டியில் ஏற்றினாள். ஆறு பேர் இரண்டு நாள் சாப்பிட ஒரு மூட்டை அரிசி எதற்கு என்று கேட்கிற அளவுக்கு அக்கா கணக்கறியாதவர் அல்லர். கேட்கவில்லை என்பதுதான் செய்தி. அந்த வட்டாரத்துக் கத்திரிக்காயைச் சுட்டு மசித்து, கொத்தமல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டு, எங்கள் ஊர்க் கொத்சு செய்தாள். ஒழுங்கையில் இருந்த பாதி வீடுகளுக்குக் கிண்ணம் போனது. அக்கா இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, "நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் தேங்காய்ப்பால் விடாமல் என்னண்டு ஒரு கறி?" என்றார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டு நாளில் நான் விடுப்பு எடுத்தது மூன்று நாள் மட்டுமே. முழுவதும் எடுத்திருக்கலாம் என்று நிலையத்தார் சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் பக்கத்து ஊரான சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. நான் வீட்டிலிருந்தால் எல்லோருடைய நேரத்தையும் வீணாக்குகிறவன். ஐந்தாம் நாள் மனைவி வாசிகசாலைக்கு என்னுடன் வந்து, மென்தூரிகையால் ஏடுகளைத் துடைத்துக் கொடுத்தாள். அப்போது அவள் கையில் கிடைத்தவை கல்வெட்டுகள். கல்லில் வெட்டியவை அல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியையின்போது அச்சிட்டு வழங்கும் நினைவு மலருக்கு இங்கே அந்தப் பெயர். இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, திருமுறைப் பாடல்கள், வாழ்க்கைக் குறிப்பு, மக்களும் மருமக்களும் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதோடு வம்சாவளி. நான் அவற்றை ஆண்டு வாரியாகவும் ஊர் வாரியாகவும் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளோ ஒவ்வொன்றாகப் படித்து, "இவரோட மகள்தான் நம்ம நேத்துப் பார்த்த டீச்சர்", "இந்தப் பையன் பதினேழு வயசுல போயிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குப் பட்டியலாகத் தெரிந்த ஊர் அவளுக்கு ஒரு மதியத்தில் உறவுமுறையாகிவிட்டது. மாலையில் நிலையத்துப் பெடியன்கள், எவ்வளவோ மறுத்தும், எங்கள் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அதை நான் மறந்துவிட முயல்கிறேன்.

ஊர் சுற்றியதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கீரிமலையில், கடலுக்கு ஒட்டியே ஊறும் நன்னீர்க் கேணியில் பேரன் மூன்று மணி நேரம் கிடந்தான். நல்லூரில் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். நயினாதீவுக்குப் போக, பண்ணைப் பாலம் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை பேருந்து, அங்கிருந்து படகு. சோளகக் காற்று தொடங்கிவிட்டதால் இருபது நிமிடப் பயணம் இரண்டு மணி நேரமாகத் தோன்றியது. நாகபூசணி அம்மன் சந்நிதியில் மனைவி நெடுநேரம் நின்றாள். படகு நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அவர்களை நான் அழைத்துப் போனது, நூலகர் என்ற முறையில் எனக்கே ஒரு கடமையாகப் பட்டதால். 1981 ஜூன் முதல் நாளின் இரவில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்துபோன இடம் என்று பேரனிடம் சொன்னபோது, "பட்டியலாவது இருக்கா தாத்தா?" என்று கேட்டான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. அவனுடைய அம்மா படிக்கும்போது நூலகவியல் எடுக்கமாட்டேன் என்று என்னோடு சண்டை போட்டவள்.

போர் நடந்த இடங்களைக் காட்டுங்கள் என்று மருமகன் ஒருமுறை கேட்டான். எல்லோரும் அங்கே போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்களே என்றான். நான் மறுத்துவிட்டேன். அக்காவிடம் எதையும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லி வைத்திருந்தேன். பத்து மாதத்தில் நானும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஏழாம் நாள் இரவு மின்சாரம் நின்றுபோயிற்று. விறாந்தையில் நான் படுத்திருக்க, படியில் மனைவியும் அக்காவும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் அக்கா அவளைத் தங்கச்சி என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்; பேரன் அக்காவை அம்மம்மா என்று கூப்பிட்டான். முடி கயிறாகிறது என்று மனைவி கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஏதோ சொல்ல, அக்கா அந்தக் கிணற்றின் கதையைச் சொன்னார். 1990 ஜூனில், போரின்போது, இந்தக் கிராமம் அடங்கிய வலிகாமம் வடக்கு முழுவதுமே இடம்பெயர்ந்தபோது கைப்பிள்ளைகளோடு கிளம்பியவர், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்ட தன் காணிக்குள் மறுபடியும் கால் வைக்க இருபது ஆண்டுக்கு மேலாகியிருக்கிறது. விடுவித்துவிட்டோம் என்று சொல்லி உள்ளே விட்ட அன்று வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. பற்றையாகக் கிடந்த வெளியில் யாருடைய வளவு எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கிணற்றைத் தேடித்தான் காணியைக் கண்டுபிடித்தார்களாம். இவருடைய கிணற்றுக் கட்டில் அவருடைய மாமனார் குச்சியால் கீறிய ஆண்டு இருந்திருக்கிறது. "அதைத் தடவிப் பார்த்துத்தான் இது எங்கட வளவெண்டு சொன்னனான்" என்றார்.

பிறகு சிறிது நேரம் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "இருபது வருசம், தங்கச்சி, சொந்தக்காரர் வீடு, தெரியாத ஆக்கள் வீடு, பள்ளிக்கூடம், முகாம் எண்டு மற்றவையின்ர இடத்திலதான் படுத்து எழும்பினது. ஆரும் குறை சொல்லேல்லை. எண்டாலும் ஒருத்தர் வீட்டுக்கு வந்தால் இரு எண்டு சொல்ல எனக்கொரு வாசல் இல்லைத்தானே. இப்ப வாசல் இருக்கு. ஐயா என்னடா எண்டால் ஹோட்டலில காசு கட்டிப்போட்டு வாறார்."

நான் தூங்கிவிட்டதாக இருவரும் நினைத்திருக்கக்கூடும். அப்படியே இருக்கட்டும் என்று கண்ணைத் திறக்கவில்லை. கடைக் கொப்பியைப் பற்றி இனி வாயைத் திறக்கவே கூடாது என்று மறுநாள் மனைவி எனக்குக் கட்டளையிட்டாள். மூட்டையில் மிஞ்சிய அரிசியைப் பற்றியும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள் துறைமுகத்தில் அவர்களுடைய பை வந்தபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தது. மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஒடியல், பனம்பழச் சாற்றைக் காயவைத்துச் செய்யும் பினாட்டு. கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களைச் சுங்கத்தில் விடமாட்டார்கள் என்று யாரோ பயமுறுத்திவிட்டதால், ஒரு கூடைப் பழத்தையும் துறைமுக வாசலில் நின்றபடியே, முழங்கைவரை சாறு ஒழுக, எல்லோருமாகத் தின்று தீர்த்தோம். அக்கா தன் சேலைத் தலைப்பால் பேரனின் வாயைத் துடைத்துவிட்டார். அது மனைவி கொண்டுவந்த பட்டுச்சேலைகளில் ஒன்று என்பதை மகள்தான் எனக்குச் சுட்டிக்காட்டினாள்.

அவர்கள் போன பிறகு ஊரில் என் நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. அதுவரை நான் இந்தியாவிலிருந்து வந்த ஐயா. இப்போது கடைக்காரர், "தங்கச்சி கதைச்சவவோ?" என்று என் மனைவியை விசாரிக்கிறார், வாசிகசாலைக்கு வரும் முதியவர் ஒருவர், பத்து மாதம் கொடுக்காமல் வைத்திருந்த தம் தகப்பனாரின் கல்வெட்டை ஒரு நாள் உறையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். குடும்பம் இருக்கிற மனிதன் என்று தெரிந்த பிறகுதான் நம்பிக் கொடுக்கத் தோன்றியது என்று அவரே சொன்னார். கொப்பிக் கணக்கை அக்கா ஆடியில் கட்டி முடித்தார். எப்படி என்று நான் கேட்கவில்லை.

அக்கா இப்போது சிதம்பரம் வரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மார்கழித் திருவாதிரைக்குத்தான் முதலில் ஆசைப்பட்டார். மழைக்காலத்தில் கப்பல் ஓடாது, விமானத்தில் ஏற அவருக்குப் பயம். ஆகவே அடுத்த ஆனித் திருமஞ்சனத்துக்கு வருவதாக முடிவாகியிருக்கிறது. அதற்குள் என் வேலை முடிந்து நானும் ஊர் திரும்பியிருப்பேன். கடவுச்சீட்டுக்காகப் படம் எடுத்தாகிவிட்டது. படத்தில் தான் வடிவில்லை என்று ஒரு வாரம் குறைபட்டார். போன ஞாயிற்றுக்கிழமை மனைவி தொலைபேசியில் எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொன்னாள்: அக்காவுக்கு எங்கள் அறை, எங்கள் கட்டில்; நாங்கள் இருவரும் கூடத்தில் படுத்துக்கொள்வோம். அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஐயா, உங்கட வீட்டுக்குப் பக்கத்தில நல்ல ஹோட்டல் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.